பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சஸ்பென்ஷன் பாகங்கள் வாங்குவதற்கு முன்: ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் பெங்களூருக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கி, முதல் வாரத்திலேயே அல்சூரிலிருந்து ஹெப்பால் வரை ஓட்டிப் பார்த்தவருக்கு, அந்தக் காரின் சஸ்பென்ஷனை முழுவதுமாக மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கத்தில் ஒரு தட்டல் கேட்கும். பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து அசையும். உடனே வெளிநாட்டு விற்பனையாளர்களின் பட்டியல்களைத் திறந்தால் குட்டையான ஸ்பிரிங், கடினமான புஷ் (இணைப்புகளுக்குள் உட்காரும் மெத்தை வளையம்), திருகி விறைப்பை மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும். அந்தப் பெட்டியை வாங்குவதற்கு முன் படிப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் அனுபவம் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற காரோடு ஆனது. ஆகவே எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே தருகிறேன். எம்ஜிபி போன்ற பிற கார்களில் பாகங்களின் வடிவம் வேறு. ஆனால் சோதிக்கும் முறையும் வாங்கும் வரிசையும் பெரும்பாலும் இதுவே.

ஸ்பிட்ஃபயரைப் பற்றி நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட அந்தக் காரின் அடித்தளம், ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸியிலிருந்து வந்தது. அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. சிவாஜிநகரிலும் ஜே.சி. ரோட்டின் சந்துகளிலும் இன்னும் வேலை செய்யும் மூத்த மெக்கானிக்குகள் சிலரின் கைகளுக்கு இந்தச் சஸ்பென்ஷன் பழக்கமானதாக இருப்பதற்கு அதுவே காரணம். ஸ்பிட்ஃபயர் என்றால் அவர்களுக்குத் தெரியாது. "ஹெரால்டு முன்பக்கம்" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

முதல் படி: எது தேய்ந்திருக்கிறது என்று கண்டறிதல்

பாகம் வாங்குவது இரண்டாவது வேலை. முதல் வேலை, காரை ஜாக்கியில் ஏற்றி, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்திவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் கையால் ஆட்டிப் பார்ப்பது. முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம், வீல் பேரிங்கிலிருந்தோ, மேலேயுள்ள பால் ஜாயின்ட் என்ற உருண்டை இணைப்பிலிருந்தோ, கீழேயுள்ள ட்ரன்னியன் என்ற மரைக்கட்டையிலிருந்தோ வரலாம். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. உதவிக்கு இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் குறை பேரிங்கில் இருக்கிறது. மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது ட்ரன்னியனில் இருக்கிறது. சக்கரத்தை இட வலமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிவது பெரும்பாலும் ஸ்டீயரிங் ராக்கும் அதன் முனை இணைப்புகளும் சார்ந்தது. அது சஸ்பென்ஷன் செலவில் சேராது.

அடுத்து, ஒரு சிறு கடப்பாரையை விஷ்போனுக்கும் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கவை வடிவக் கை) சேஸிக்கும் இடையே வைத்து மெதுவாக நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் சற்றே வளைந்து கொடுப்பது சரியானதே. விஷ்போனே இடம் மாறிப் போய் உலோகம் உலோகத்தில் தட்டினால் புஷ் முடிந்துவிட்டது என்று பொருள். பின்பக்கத்தில், கார் புறப்படும் கணத்தில் ஒரு தட்டல் கேட்டால், அது சஸ்பென்ஷனிலிருந்து வருவதைவிட பின்சக்கரங்களைச் சுழற்றும் அரைத்தண்டுகளிலுள்ள யுனிவர்சல் ஜாயின்டுகளிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். மட்கார்டை அழுத்திவிட்டு, கார் எத்தனை முறை ஊஞ்சலாடுகிறது என்று பார்க்கும் சோதனை, முற்றிலும் செத்துப்போன ஷாக் அப்சார்பரைக் காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது. எண்ணெய் கசிந்த தடமும், இடது வலது பக்கங்களுக்கு இடையேயான வேறுபாடும் அதைவிட நம்பகமான சான்றுகள்.

டயர்களையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடுவது நல்லது. டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2312 என்று இருந்தால் அது 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடுவதால் டயரின் பட்டன்கள் புதிது போலவே இருக்கும், ரப்பரோ மரக்கட்டையாக இறுகியிருக்கும். அப்படிப்பட்ட டயரோடு எந்தச் சஸ்பென்ஷனையும் மதிப்பிட முடியாது.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால் எனக்கு நேர்ந்ததை இங்கே சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். கார் வந்த புதிதில் முன்பக்கத் தட்டலுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் காரணம் என்று முடிவு செய்து, குட்டையான, கடினமான ஸ்பிரிங்குகளை வரவழைத்துப் பூட்டினேன். தட்டல் அப்படியே இருந்தது. கூடவே, எங்கள் தெருமுனை வேகத்தடையில் சைலன்ஸர் உரசத் தொடங்கியது. சிவாஜிநகரில் இருந்த ஒரு முதிய மெக்கானிக், காரின் அடியில் ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுந்து, "தம்பி, இது ஷாக்கு போன சத்தம் இல்ல, கீழ் ஆர்ம் புஷ் போன சத்தம். ஸ்பிரிங்கைக் கழட்டி வச்சிட்டுப் பழசையே போடுங்க" என்றார். "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு அன்றே பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்பப் பூட்டினோம். அந்தச் சத்தத்துக்கான மருந்து ஒரு சிறு பையில் அடங்கும் ரப்பர் வளையங்கள்தான்.

இரண்டாவது படி: அளவெடுத்தல்

சமமான தரையில், டயர்களில் சரியான காற்றும் பெட்ரோல் டாங்கில் பாதி எரிபொருளும் இருக்க, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு சக்கரங்களுக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத் தரை பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும், தண்ணீர் வடிவதற்காகச் சாய்த்தே போடப்பட்டிருக்கும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கொண்டு சரிபார்ப்பது எளிது. ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கக் கூடாது. இறக்கிய காரின் சக்கரங்கள் உள்ளுக்குள் ஒடுங்கி நின்று காரை உயர்த்திக் காட்டும். சில மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

இந்த எண்களைக் கொண்டு ஸ்பிரிங்கைப் பற்றிய முடிவை எடுக்கலாம். இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. பழைய சுருள் ஸ்பிரிங் காலப்போக்கில் மென்மையாகிவிடுவதில்லை, அது குட்டையாகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பை நிர்ணயிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, எஃகின் இயல்பு ஆகியவையே. இவை எதுவும் வயதால் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறுவதில்லை. ஆகவே, கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதே தவிர ஓட்டத்தில் குறையில்லை என்றால், அடியில் தகுந்த தடிமனுள்ள அலுமினிய வளையம் ஒன்றை வைத்து உயரத்தைச் சரிசெய்வதும் ஏற்கத்தக்க வழியே. ஆனால் கம்பியில் துருப்பள்ளங்களோ விரிசலோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பக்க ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

கம்பியின் தடிமனைப் பொறுத்தவரை சிறு வேறுபாடும் பெரிய விளைவைத் தரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விறைப்பு, தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. மற்ற அளவுகள் மாறாமல் 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர் கம்பியில் சுற்றினால் விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும். "ஒரு எம்எம்தானே சார்" என்று ஒருவர் தேற்றினால், அந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். சுருளை வெட்டிக் காரைத் தாழ்த்துவதும் இதே போன்றதுதான்: வேலை செய்யும் ஒன்பது சுருள்களில் ஒன்றை வெட்டினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, ஸ்பிரிங்கின் முனையும் இருக்கையில் சரியாக உட்காராமல் போகிறது. கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துவதோ அதைவிட மோசமானது. எஃகு பெற்ற பதம் அந்த இடத்தில் கெட்டு, பின்னொரு நாள் அங்கேயே முறியும்.

பழைய பாகத்தைக் கழற்றியதும் தளர்ந்த நிலையில் அதன் நீளம், உள்விட்டம், கம்பித் தடிமன், மொத்தச் சுருள்கள் ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரால் அளந்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து விற்பனையாளர்கள் விறைப்பைப் பவுண்டு ஒரு அங்குலத்துக்கு என்று எழுதுவார்கள். பீன்யாவில் உள்ள ஸ்பிரிங் பட்டறைகளில் கிலோ ஒரு மில்லிமீட்டருக்கு என்று பேசுவார்கள். ஒரு கிலோ ஒரு மில்லிமீட்டருக்கு என்பது 56 பவுண்டு ஒரு அங்குலத்துக்குச் சமம். உங்கள் ஸ்பிரிங்கைச் சுமை ஏற்றி அளந்து தரும் பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், முந்தைய உரிமையாளர் எதையோ பொருத்திவிட்டுப் போயிருக்கிறாரா என்ற ஐயமும் தீரும். ஸ்பிட்ஃபயரில் இது முக்கியம். இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினைச் சுமக்கும் அதன் உடன்பிறப்பான ஜிடி6-இன் முன் ஸ்பிரிங்குகள் அதே இடத்தில் உட்காரும். ஆனால் ஸ்பிட்ஃபயரின் இலகுவான மூக்குக்கு அவை அளவுக்கு மீறியவை.

மூன்றாவது படி: உயிருக்கு உலை வைக்கும் பாகத்தை முதலில் வாங்குதல்

உங்களிடம் உள்ள பணம் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் போதும் என்றால், அதை ட்ரன்னியனுக்கும் அதற்குள் திருகி நிற்கும் வெர்டிகல் லிங்குக்கும் செலவிடுங்கள். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது வெண்கலத்தால் ஆன ட்ரன்னியன் என்ற கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே தண்டு சுழல்கிறது. எண்ணெய் வற்றி, மழைநீர் உள்ளே புகுந்து, மரையின் அடியில் துரு பிடித்தால் தண்டு அங்கே முறிந்துவிடும். சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து விழும். பெரும்பாலும் இது பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது நடக்கிறது என்பது ஆறுதல். எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இடது பக்கத்தின் மரையும் வலது பக்கத்தின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. ஆகவே வாங்கும்போது பக்கத்தைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும், வந்ததும் கையால் திருகிப் பார்த்தே ஏற்க வேண்டும். இரண்டாவது, பழைய தண்டையே பயன்படுத்துவதானால் அதைச் சுத்தமாகக் கழுவி, மரையின் அடிப்பகுதியில் விரிசல் சோதனை செய்ய வேண்டும். சாயம் பூசி விரிசலைக் காட்டும் சோதனைக்கு மூன்று ஸ்பிரே டப்பாக்களே போதும்: ஒன்று கழுவுவதற்கு, ஒன்று சிவப்புச் சாயத்துக்கு, ஒன்று வெள்ளைப் பூச்சுக்கு. விரிசல் இருந்தால் வெள்ளையின்மேல் சிவப்புக் கோடாகத் தெரியும். நீங்களாகச் செய்யத் தயங்கினால் பீன்யா தொழிற்பேட்டையில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. மூன்றாவது, அந்த மரைக்குத் தயாரிப்பாளர் சொன்னது இபி 90 என்ற கியர் எண்ணெய், கிரீஸ் அல்ல. கிரீஸ் இறுகி, மரையின் அடி வரை போகாமல் வழியை அடைத்துக்கொள்கிறது. உள்ளூர் மெக்கானிக் நிப்பிளைப் பார்த்ததும் பழக்கத்தில் கிரீஸ் கன்னை எடுப்பார். முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு.

லேத் பட்டறையில் இந்தத் தண்டைப் புதிதாகச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பெங்களூரு லேத் பட்டறைகளின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஸ்பேசர், வாஷர், புஷ்ஷைத் தள்ளி நுழைக்கும் கருவி போன்றவற்றை அவர்களிடம்தான் செய்துகொள்கிறேன். ஆனால் வெர்டிகல் லிங்க் என்பது சூடாக்கி அடித்து உருவாக்கப்பட்ட உலோகம். கடைந்தெடுத்த தண்டுக்கு அந்தப் பலம் கிடையாது.

நான்காவது படி: ரப்பரா, பாலியூரித்தேனா

புஷ் விஷயத்தில் கருத்து வேறுபாடுகள் அதிகம். ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள உலோகக் குழாய் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்க, ரப்பர் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கிறது, எதுவும் உரசுவதில்லை. பாலியூரித்தேன் புஷ் அப்படியல்ல. அது குழாயின்மேல் வழுக்கிச் சுழல வேண்டும். அதனால்தான் அதற்குத் தனியான சிலிக்கோன் கிரீஸ் தேவைப்படுகிறது. அது உலர்ந்ததும் கிரீச்சிடுகிறது. கடினத்தன்மையிலும் வேறுபாடு உண்டு. ஷோர் ஏ அளவுகோலில் ரப்பர் புஷ்கள் ஏறத்தாழ 55 முதல் 70 வரையும், காருக்கான பாலியூரித்தேன் புஷ்கள் பெரும்பாலும் 80-க்கு மேலும் இருக்கும். கடினமான புஷ் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும் என்பது உண்மை. ஆனால் நம் சாலைக் குழியின் அடி முழுவதும் அப்போது சேஸியின் பற்றவைப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது; ஐம்பது ஆண்டு பழைய சேஸிக்கு அது வேண்டாத சுமை.

என் தேர்வு இதுதான்: விஷ்போன்களின் உள் இணைப்புகளுக்கு நல்ல ரப்பர், ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) பிடிப்புகளுக்குப் பாலியூரித்தேன். பிந்தைய இடத்தில் கடினம் சாலை அதிர்ச்சியை அதிகம் கூட்டுவதில்லை, வளைவில் மட்டும் பயன் தருகிறது. ரேஸ் தடத்தில் ஓட்டுபவர் வேறு முடிவெடுக்கலாம். ஞாயிறு காலையில் நந்தி மலைக்குப் போய்த் திரும்புபவருக்கு அது தேவையில்லை.

ரப்பரை வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. "பழைய ஸ்டாக், ஒரிஜினல் பெட்டி" என்று நாற்பது ஆண்டுகள் கடையில் இருந்த பாகத்தை அரிய பொருளாகக் காட்டுவார்கள். உலோகப் பாகமானால் தயங்காமல் வாங்கலாம். அந்தக் கால எஃகும் வெண்கலமும் பெட்டிக்குள் கெடுவதில்லை. ரப்பரானால் வேண்டாம். ஓடாமலே இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. பெட்டியிலிருந்து எடுத்த சில மாதங்களில் வெடித்துவிடும். பால் ஜாயின்டின் ரப்பர் உறைக்கும் இது பொருந்தும். புதிதாக வந்த ரப்பரையும் நகத்தால் அழுத்தி, வளைத்துப் பார்த்து, மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஐந்தாவது படி: ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம்

இங்கே சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். மார்க் 3 வரையான ஸ்பிட்ஃபயர்களில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின்மேல் குறுக்காகக் கிடக்கும் ஒரே லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளின் அடுக்கு), இரு சக்கரங்களையும் தாங்குகிறது. அரைத்தண்டுகள் உள்முனையில் மட்டும் மடிந்து ஊஞ்சல் போல ஆடுகின்றன. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் உயர்கிறது. அப்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி காருக்குள் மடங்கிப் பிடிப்பை இழக்கிறது. நந்தி மலையின் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும் புதியவர் இதை முன்பே அறிந்திருப்பது அவசியம். எங்கள் ஊர்க் காரான ஹெரால்டிலும் இதே அமைப்புதான். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் அதை விட்டுவிட்டு முழு அச்சுக்கு மாறியது. ஆகவே பழைய பாகக் கடையில் கெஸலின் பின்பக்கப் பாகங்களைக் காட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வாங்காதீர்கள்.

இதிலிருந்து பாகத் தேர்வுக்கான முக்கிய விதி ஒன்று பிறக்கிறது: பின்பக்கத்தை ஒருபோதும் உயர்த்தி நிற்கும்படி விடக் கூடாது. அளவுக்கு மீறி வளைத்துக் கட்டிய, அல்லது கூடுதல் பட்டை சேர்த்த லீஃப் ஸ்பிரிங்கைப் போட்டால், நிற்கும்போதே சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். மடங்குவதற்கான பாதி தூரத்தை அவை முன்பே கடந்துவிட்டன என்று பொருள். லாரிப் பட்டை கட்டும் பட்டறைகளில் "சுமை தாங்கணும்ல" என்று ஒரு பட்டையைச் சேர்த்துவிடுவது வழக்கம். வளைவை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொல்லி, பட்டைகளின் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டர் சற்று உயர்ந்து நின்று பிறகு அமரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1970-இல் வந்த மார்க் 4 மாடலில் தயாரிப்பாளரே இந்தக் குறையைச் சீர்செய்தார்கள். அடிப்பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிப் பிடித்து, மற்றப் பட்டைகளை நடுவில் ஊசலாட விட்ட புதிய ஸ்பிரிங் அது. இரு சக்கரங்களும் ஒன்றாக மேடேறும்போது அது முழு விறைப்போடு வேலை செய்கிறது. கார் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் இளகிக் கொடுக்கிறது. பின்பக்கத்தின் எதிர்ப்பு குறைந்துவிட்டதால், அதை ஈடுகட்ட முன்பக்க ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். பழைய மாடலுக்கு இந்த ஸ்பிரிங்கைப் போட விரும்புபவர்கள் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கார் வளைவில் அதிகமாகச் சாயும். நான் இந்த மாற்றத்தைச் செய்துகொண்டேன். இந்தக் காரில் செய்யத்தக்க ஒரே உண்மையான முன்னேற்றம் இதுவே என்று கருதுகிறேன். காரை அதன் ஆண்டுக்குரிய நிலையிலேயே காக்க விரும்புபவரும் தவறு செய்யவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலைச் சீராக வைத்து ஓட்டப் பழகிக்கொண்டால் போதும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சாதாரண ஹைட்ராலிக் வகையே போதும். திருகி மாற்றும் வகையை வாங்கினால் மிக மென்மையான அளவில் தொடங்கி, ஒவ்வொரு திருகாகக் கூட்டுங்கள். வாயு நிரப்பியவற்றை அழுத்தமுள்ள பொருள் என்று கூறிச் சில கூரியர் நிறுவனங்கள் மறுக்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: எதை இங்கே வாங்குவது, எதை வரவழைப்பது

ட்ரன்னியன், வெர்டிகல் லிங்க், பால் ஜாயின்ட், விஷ்போன் புஷ், ஸ்பிரிங் ஆகியவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதே முறை. ஒவ்வொன்றாக வரவழைத்தால் அனுப்புக் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டும். ஆகவே முதல் இரண்டு படிகளை முடித்த பிறகு ஒரே பட்டியலாகக் கேளுங்கள். கேட்கும்போது மாடலின் பெயரை மட்டும் எழுதாமல் காரின் கமிஷன் எண்ணையும் (தொழிற்சாலை ஒவ்வொரு காருக்கும் இட்ட எண்) எழுதுங்கள். ஒரே மார்க்கின் நடுவில்கூடப் பாகங்கள் மாறியிருக்கின்றன. விற்பனையாளரின் ரசீதில் பொருளின் விவரமும் உண்மையான விலையும் தெளிவாக இருக்க வேண்டும். சுங்க அட்டவணையில் சஸ்பென்ஷன் பாகங்களும் ஷாக் அப்சார்பர்களும் 8708.80 என்ற தலைப்பின்கீழ் வருகின்றன; "கார் பாகங்கள்" என்று பொதுவாக எழுதிய ரசீது, விமான நிலையக் கிடங்கில் கேள்விகளுக்கும் தாமதத்துக்கும் வழிவகுக்கும்.

வீல் பேரிங், எண்ணெய், கிரீஸ், ஸ்ப்ளிட் பின் போன்றவற்றை ஜே.சி. ரோட்டிலேயே வாங்கலாம், பேரிங்கைப் பழையதன்மேல் பொறித்த எண்ணைக் காட்டிக் கேட்டால் தரமான கம்பெனிப் பொருளே கிடைக்கும். போல்ட் நட் விஷயத்தில்தான் ஒரு பெரிய எச்சரிக்கை. இந்தக் கார்களின் மரைகள் யுஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு. நம் கடைகளில் எளிதில் கிடைப்பவை மெட்ரிக். 5/16 அங்குல போல்டும் 8 மில்லிமீட்டர் போல்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஒன்றின் நட்டை மற்றதில் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறி, பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நம்பி ஸ்பேனரைப் போட்டால் மரை உரிந்துவிடும். எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் விசாரித்தால் யுஎன்எஃப் போல்டுகளை வைத்திருக்கும் கடைகள் அகப்படும். தலையில் பலக்குறியீடு பொறிக்கப்படாத போல்டைச் சஸ்பென்ஷனில் பயன்படுத்தக் கூடாது. நைலான் பூட்டு நட்டுகளை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள்.

ஏழாவது படி: பூட்டும்போது

முன்பக்கச் சுருளைப் பிரிக்க, இரு தகடுகளும் திருகு தண்டுகளும் கொண்ட முறையான கருவியைப் பயன்படுத்துங்கள். கயிறும் கம்பியும் கட்டிப் பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன், அருகில் நிற்கவும் விரும்பவில்லை. பின்பக்கத்தில் சக்கரம் கீழே தொங்குவதைத் தடுத்து நிறுத்துவது ஷாக் அப்சார்பரே; ஆகவே அதைக் கழற்றுவதற்கு முன் அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும், இல்லையென்றால் லீஃப் ஸ்பிரிங்கின் விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபடும்.

கீழ் விஷ்போனின் பிடிப்புகளுக்கும் சேஸிக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பவை அவை. எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று எழுதி, அந்தந்த போல்டோடு கட்டி வைக்காமல் கழற்றாதீர்கள். பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் பிடிப்பிலும் இவ்வாறே ஷிம்கள் உண்டு. அவை பின்சக்கரத்தின் திசையை நிர்ணயிக்கின்றன.

ரப்பர் புஷ் போட்ட போல்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. கையால் மட்டும் திருகி, காரைத் தரையில் இறக்கி, இருக்கைகளில் இருவர் எடையை ஏற்றி, முன்னும் பின்னும் உருட்டிய பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், கார் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். நல்ல ரப்பரை வாங்கிப் போட்டும் "ஆறு மாசம்கூட தாங்கல" என்று சொல்பவர்களில் பலர் செய்த பிழை இதுவாகத்தான் இருக்கும்.

அலைன்மென்ட் கடைகளின் கணினியில் ஸ்பிட்ஃபயர் இருக்காது. அங்கே வேறொரு காரின் அளவுகளை வைத்துத் திருத்திவிடுவார்கள். ஒர்க்ஷாப் மேனுவலிலுள்ள அளவுகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய், அதன்படியே செய்யச் சொல்லுங்கள். முடிந்தபின் அச்சிட்டுத் தரும் தாளை வாங்கி, இரண்டாவது படியில் எழுதிய உயரங்களோடு சேர்த்து வையுங்கள்.

முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் உயரத்தை மீண்டும் அளந்து, புஷ் போல்டுகளை மீண்டும் சோதியுங்கள். ட்ரன்னியனுக்குத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி நம் மழைக்குப் போதாது என்பது என் கருத்து. நான் ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் விடுகிறேன்: ஜூனில் மழை தொடங்கும் முன் ஒருமுறை, அக்டோபர் மழை ஓய்ந்ததும் ஒருமுறை. மேல்முனையிலுள்ள ரப்பர் வளையத்தின் அருகே புதிய எண்ணெய் கசிந்து வரும்வரை அழுத்த வேண்டும். வரும் எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது, அந்தப் பக்கத்தை அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும்.